'100% காட்டன்' என்று பெயர் வைத்தால் ஃபைல் ஏன் அடம்பிடிக்கிறது?

"ஏனுங்க, நீங்க அனுப்புன லிங்க் ஓப்பனே ஆகலீங்க."

பல்லடம், திருப்பூர் பக்கம் ஒரு கார்மென்ட் ஆபீஸில் மெர்ச்சண்டைசர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்தால் இந்த வரி காதில் விழ வாய்ப்பு அதிகம். இன்டர்நெட் நன்றாக இருக்கும். ஃபைலும் சர்வரில் பத்திரமாக இருக்கும். ஆனால் லிங்க் மட்டும் திறக்காது. கொஞ்ச நேரம் கழித்து யாரோ ஒருவர் ஃபைல் பெயரில் இருக்கும் '#' குறியை எடுத்துவிட்டு மறுபடி அனுப்புவார். உடனே திறந்துவிடும். "என்னமோ சிஸ்டம் ப்ராப்ளம்" என்று எல்லோரும் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

அது சிஸ்டம் ப்ராப்ளம் இல்லை. பின்னலாடைத் தொழில் பேசும் பாஷைக்கும் கம்ப்யூட்டர் பேசும் பாஷைக்கும் இடையிலான வாய்க்கால் தகராறு.

இந்தத் தொழிலில் ஒரு துணியை விவரிக்க எத்தனை குறிகள் தேவைப்படுகின்றன என்று பாருங்கள். கலவை 95/5. ரிப் என்றால் 1*1. துணியின் அகலம் 30" டயா. பேக்கிங்கில் சைஸ் ரேஷியோ 1:2:2:1. ஸ்டைல் நம்பருக்கு முன்னால் ஒரு #. பையர் பெயரில் ஒரு &. சீசன் எஸ்/எஸ் 25. அதே 'எஸ்/எஸ்' ஷார்ட் ஸ்லீவுக்கும் சுருக்கம், அது தனிக் குழப்பம்! விண்டோஸ் கம்ப்யூட்டர் ஃபைல் பெயரில் அனுமதிக்காத குறிகள் ஒன்பது: \ / : * ? " < > |. மேலே சொன்ன பட்டியலில் அந்த ஒன்பதில் நான்கு வந்துவிட்டன. கட்டிங் மாஸ்டரும் பையரும் தினமும் எழுதும் குறிகளைத்தான் ஃபைல் பெயரில் எழுதக் கூடாது என்கிறது கம்ப்யூட்டர்.

ஒரு கோடு, இரண்டு வேலை

ஏன் கூடாது? மனிதருக்கு '/' என்பது 'அல்லது' அல்லது 'வகுத்தல்'. கம்ப்யூட்டருக்கு அது ஒரு கதவு. 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் உருவானபோது ஒரு ஃபோல்டருக்குள் இன்னொரு ஃபோல்டர் என்பதைக் காட்ட இந்த ஸ்லாஷைத் தேர்ந்தெடுத்தார்கள். 1981-ல் வந்த முதல் எம்எஸ்-டாஸில் ஃபோல்டர்களே கிடையாது. அங்கே '/' கட்டளைகளின் கூடுதல் விருப்பங்களைக் குறிக்கப் போய்விட்டது. 1983-ல் டாஸ் 2.0 ஃபோல்டர்களைக் கொண்டுவந்தபோது ஸ்லாஷ் ஏற்கெனவே வேலையில் இருந்ததால் தலைகீழாக '\' வந்தது. ஆப்பிள் மேக் தன் வழியில் ':' குறியை வைத்துக்கொண்டது. மூன்று கம்பெனி, மூன்று கோடு. நாற்பது வருஷத்துக்கு முந்தைய அந்த முடிவுகள் இன்றைக்கும் டெக்பேக் ஃபைலைத் திறக்கவிடாமல் செய்கின்றன.

எப்படி என்றால், ஐரோப்பாவில் இருக்கும் டிசைனர் மேக்கில் வேலை செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 'எஸ்/எஸ் 25' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்தால் மேக் மறுக்காது. கண்ணுக்கு '/' என்று காட்டிவிட்டு, அடியில் அதை ':' என்று எழுதி வைத்துக்கொள்ளும். அதை ஜிப் செய்து அனுப்புகிறார். இங்கே விண்டோஸில் திறந்தால் ':' வருகிறது, விண்டோஸுக்கு அது ஆகாது. ஜிப்பைப் பிரிக்கும் மென்பொருளைப் பொறுத்து அது அடிக்கோடாக மாறும், இல்லை என்றால் பிழைச்செய்தியோடு நின்றுவிடும். அனுப்பியவர் "எனக்கு ஓப்பன் ஆகுதே" என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

':' இன்னொரு விஷமமும் செய்யும். விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வட்டில் ஒரு ஃபைலுக்குள் இன்னொரு தகவலை ஒட்டி வைக்க ஒரு வசதி உண்டு, அதற்கான குறி ':'. ஏதோ ஒரு மென்பொருள் சோதிக்காமல் 'ரேஷியோ 1:2' என்று ஃபைல் எழுதினால் 'ரேஷியோ 1' என்ற பெயரில் பூஜ்யம் பைட் ஃபைல் ஒன்று தெரியும். எழுதிய டேட்டா அதற்குள் மறைந்திருக்கும். காணாமல் போனது என்று தேடுகிறவருக்கு அது கண்ணிலேயே படாது.

சின்னச் சின்ன ஆச்சரியங்கள் இன்னும் இருக்கின்றன. கன்சம்ப்ஷன் ஷீட்டுகளுக்காக 'சி-ஓ-என்' என்று மூன்று ஆங்கில எழுத்தில் ஃபோல்டர் உருவாக்கிப் பாருங்கள், விண்டோஸ் விடாது. டாஸ் காலத்தில் அது கீபோர்டும் திரையும் சேர்ந்த கருவியின் பெயர். '& கோ.' என்று புள்ளியோடு ஃபோல்டர் பெயரை முடித்தால் அந்தப் புள்ளியை விண்டோஸ் சத்தமில்லாமல் உதிர்த்துவிடும்.

சட்டம் ஸ்லாஷை அனுமதிக்கிறது

"அப்படியென்றால் இந்தக் குறிகளை எல்லாம் தடை செய்துவிட வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். செய்ய முடியாது. காரணம் ஜிஎஸ்டி.

2017-ன் மத்திய ஜிஎஸ்டி விதிகளில் 46-வது விதி இன்வாய்ஸ் எண் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. 16 எழுத்துக்கு மேல் போகக் கூடாது. எழுத்து, எண், சிறப்புக் குறிகளில் '-' மற்றும் '/' மட்டும் வரலாம். ஆக, 'பிடி/24-25/0187' என்ற பில் நம்பர் சட்டப்படி சரியானது. ஆனால் அதே பெயரில் பிடிஎஃப் ஆகச் சேமிக்கச் சொன்னால் கம்ப்யூட்டர் 'பிடி' என்ற ஃபோல்டருக்குள் '24-25' என்ற ஃபோல்டருக்குள் '0187' என்ற ஃபைல் என்று படிக்கும்.

பல பில்லிங் மென்பொருள்களை எழுதுபவர்கள் இதற்குச் சுருக்கு வழி ஒன்று வைத்திருப்பார்கள்: குறிகளை எல்லாம் நீக்கிவிடு. இது ஆபத்தான வழி. ஒரு நிறுவனம் யூனிட் நம்பர், பில் நம்பர், வருஷம் என்ற வரிசையில் எண் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். 1-வது யூனிட்டின் 12-வது பில் '1/12/24-25'. 11-வது யூனிட்டின் 2-வது பில் '11/2/24-25'. குறிகளை நீக்கினால் இரண்டுமே '1122425'. இரண்டாவது பில் முதல் பில்லின் பிடிஎஃப் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும். வருஷக் கடைசியில் ஆடிட்டர் கேட்கும்போதுதான் ஒன்று இல்லை என்பது தெரியவரும்.

சரியான வழி, பில் நம்பரை உள்ளபடியே டேட்டாபேஸில் வைத்துவிட்டு ஃபைலுக்கு வேறு பெயர் கொடுப்பது. இ-இன்வாய்ஸ் போடும் நிறுவனங்களுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 1 முதல் 5 கோடி ரூபாய்க்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்கள், இன்னொரு நிறுவனத்துக்குப் போடும் பில்லுக்கு இ-இன்வாய்ஸ் எடுக்க வேண்டும். அதில் கிடைக்கும் ஐஆர்என், விற்பவரின் ஜிஎஸ்டி எண், ஆவண வகை, பில் நம்பர், நிதியாண்டு ஆகிய நான்கையும் கலந்து கணக்கிடப்படும் 64 எழுத்து அடையாளம். எண்ணும் ஆங்கில எழுத்தும் மட்டும்தான் அதில் இருக்கும். எந்த கம்ப்யூட்டரிலும் எந்த லிங்க்கிலும் சிக்காத ஃபைல் பெயர் அதுவே. (அங்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு: பில் நம்பர் பூஜ்யத்திலோ '/' அல்லது '-' குறியிலோ தொடங்கினால் இ-இன்வாய்ஸ் போர்ட்டல் ஏற்காது.)

'50%பிசிஐ' எப்படி '50¼ஐ' ஆனது?

ஃபைல் கம்ப்யூட்டருக்குள் இருக்கும்வரை ஒரு சட்டம். அது லிங்க்காக மாறி வாட்ஸ்அப்பில் போகும்போது வேறு சட்டம். இணைய முகவரிகளின் இலக்கணம் ஆர்எஃப்சி 3986 என்ற ஆவணத்தில் இருக்கிறது. 2005 ஜனவரியில் வந்தது, அதை எழுதிய மூவரில் ஒருவர் வேர்ல்டு வைட் வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ. அதன்படி முகவரியில் எந்தக் கவலையும் இல்லாமல் எழுதக்கூடியவை ஆங்கில எழுத்து, எண், அதோடு நான்கு குறிகள்: - . _ ~. இன்னொரு 18 குறிகளுக்குத் தனி வேலை கொடுக்கப்பட்டிருக்கிறது. மீதி எதுவாக இருந்தாலும் % குறியும் இரண்டு இலக்கமும் சேர்த்து வேஷம் மாற்றித்தான் அனுப்ப வேண்டும். இடைவெளி என்றால் %20. # என்றால் %23. & என்றால் %26. % குறியே வேண்டும் என்றால் %25.

வேஷம் மாற்றாமல் அனுப்பினால் என்ன ஆகும்? '#' என்ற குறிக்கு முகவரியில் 'இந்தப் பக்கத்துக்குள் இந்த இடத்துக்குப் போ' என்று அர்த்தம். அதற்குப் பிறகு வருவது எதையும் பிரவுசர் சர்வருக்கு அனுப்பவே அனுப்பாது. 'ஸ்டைல் #4512' என்று கேட்டால் சர்வரின் காதில் 'ஸ்டைல்' மட்டும்தான் விழும். அந்தப் பெயரில் ஃபைல் இல்லை என்று அது சொல்வது நியாயம்தான். '&' வந்தால் தேடல் சொல் இரண்டாக உடையும், 'ரிப் & ஜெர்சி' என்று தேடினால் ரிப் மட்டும் வரும். இடைவெளி வந்தால் வாட்ஸ்அப்பில் லிங்க்கின் பாதிதான் நீலமாகும்.

% குறிதான் இருப்பதிலேயே வேடிக்கை. அதற்குப் பின்னால் வரும் இரண்டு எழுத்தையும் கம்ப்யூட்டர் பதினாறின் அடிமான எண்ணாகப் படிக்கும். அந்த முறையில் 0 முதல் 9 வரையோடு, ஆங்கிலத்தின் முதல் ஆறு எழுத்தும் இலக்கங்கள். '100% காட்டன்' என்றால் %-க்குப் பின் இடைவெளி வருகிறது, அது இலக்கம் இல்லை. "முகவரி தவறு" என்று பிழை வரும். பரவாயில்லை, தவறு என்றாவது தெரிகிறது. ஆனால் ஒருவர் '50%பிசிஐ' என்று இடைவெளி இல்லாமல் ஆங்கிலத்தில் எழுதினால்? 'பி', 'சி' இரண்டுமே பதினாறடிமான இலக்கங்கள். கம்ப்யூட்டர் அதைச் சரியான குறியீடு என்றே எடுத்துக்கொள்ளும். பழைய லத்தீன் எழுத்துமுறையில் அந்த எண்ணுக்கு உரிய வடிவம் '¼'. ஆக, பாதி பிசிஐ பருத்தி கலந்த துணி ஒன்று 'ஐம்பது, கால், ஐ' ஆகிவிடும். புதிய சிஸ்டங்களில் கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வரும்.

இதற்கு நேர் எதிரான தப்பும் உண்டு. ஒருமுறை மாற்றியதை இன்னொரு மென்பொருள் மறுபடி மாற்றுவது. %20-ல் இருக்கும் % மறுபடி %25 ஆகி, கடைசியில் %2520 என்று நிற்கும். ஃபைல் பெயரில் எங்காவது %2520 தென்பட்டால் இரண்டு புரோகிராமர்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரே வேலையைச் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மென்பொருள் எழுதும் இளைஞர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு இரண்டு ஃபங்ஷன்கள் இருக்கின்றன. ஒன்று முழு முகவரிக்கானது, அது # & / ? போன்றவற்றைத் தொடாது. இன்னொன்று முகவரியில் செருகப்போகும் துண்டுக்கானது, அது இவற்றையும் மாற்றும். ஃபைல் பெயரையும் பில் நம்பரையும் முதல் ஃபங்ஷனில் போட்டுவிட்டு "என்கோட் பண்ணிட்டேனே" என்று சொல்வதால்தான் பாதி லிங்க் உடைகிறது. துண்டை முதலில் மாற்றி, பிறகு முகவரியில் ஒட்ட வேண்டும், அதுவும் ஒரே ஒரு தடவை. பில் நம்பரில் இருக்கும் ஸ்லாஷுக்கு அதுகூடப் போதாது. அப்பாச்சி வெப் சர்வர், மாற்றி அனுப்பப்பட்ட ஸ்லாஷ் பாதைக்குள் வந்தால் இயல்புநிலையில் '404' என்று திருப்பி அனுப்பிவிடும். முகவரியில் '?' குறிக்குப் பின்னால் வைப்பதே அதற்கு நல்ல இடம்.

கொஞ்சம் திருட்டுக் கதை

அப்பாச்சி ஏன் இவ்வளவு சந்தேகப்படுகிறது? பாதையில் '..' என்று இரண்டு புள்ளி வைத்தால் 'ஒரு ஃபோல்டர் மேலே போ' என்று அர்த்தம். வெளியாள் ஒருவர் லிங்க்கில் இதைத் திரும்பத் திரும்ப எழுதினால், வெப்சைட் ஃபோல்டரிலிருந்து மேலே மேலே ஏறி சர்வரின் மற்ற ஃபைல்களைப் படித்துவிட முடியும். அதனால் சர்வர்கள் '..' வந்தால் தடுக்கும். 2021-ல் வந்த அப்பாச்சி 2.4.49 பதிப்பில் ஒரு ஓட்டை இருந்தது: இரண்டாவது புள்ளியை மட்டும் % குறியீடாக மாற்றி எழுதினால் காவலுக்கு அது தெரியவில்லை. அக்டோபரில் விஷயம் வெளியே வந்து 2.4.50 வெளியானது. அதையும் இரண்டு முறை குறியீடு மாற்றி ஏமாற்றினார்கள். சில நாட்களிலேயே 2.4.51 வர வேண்டியதாயிற்று. உலகம் முழுக்கப் பயன்படும் சர்வருக்கே ஒரு புள்ளியால் இந்த நிலை என்றால், ஃபைல் அப்லோடு பக்கம் ஒன்றை ஒரு வாரத்தில் எழுதி முடித்த ஆர்டர் டிராக்கிங் சாஃப்ட்வேர் எப்படி இருக்கும் என்று யோசிக்கலாம். அப்லோடு ஆகும் ஃபைலின் பெயரை நம்பி அப்படியே பாதையாக ஒட்டவே கூடாது.

தமிழ் 'ஸ்பெஷல் கேரக்டர்' இல்லை

இவ்வளவு தலைவலி இருப்பதால் ஆபீஸ்களில் ஒரு எழுதப்படாத விதி இருக்கிறது: "பேர இங்கிலீஷ்லயே வைப்பா, தமிழ் வெச்சா மாட்டிக்கும்." # / : வரிசையில் தமிழையும் சேர்த்துவிடும் விதி இது. நியாயமான விதி இல்லை. '/' என்ற குறிக்குப் பாதையில் இன்னொரு வேலை இருக்கிறது, அதனால் மோதல். 'ப' என்ற எழுத்துக்கு எந்த கம்ப்யூட்டரிலும் வேறு வேலை கிடையாது. விண்டோஸ் 2000 முதல் தமிழ் யூனிகோட் வழியாக உள்ளே இருக்கிறது. இன்றைய போன்கள் எதிலும் தமிழ்ப் பெயர் பிரச்சினை இல்லை.

பிறகு ஏன் மாட்டுகிறது? முதல் காரணம் பழைய மென்பொருள்கள். யூனிகோட் தெரியாத விண்டோஸ் புரோகிராம்களுக்கு அரபு, ரஷ்யன் போன்ற மொழிகளுக்கு எழுத்துப் பட்டியல்கள் இருந்தன. தமிழுக்கு அப்படி ஒன்றை மைக்ரோசாஃப்ட் தரவே இல்லை. அதனால் பழைய கேட் அல்லது பில்லிங் புரோகிராம் தமிழ்ப் பெயரைப் பார்த்தால் ஒவ்வோர் எழுத்தையும் '?' என்று மாற்றிவிடும். அந்த '?' விண்டோஸில் தடை செய்யப்பட்ட ஒன்பதில் ஒன்று! அப்படி ஒரு ஃபைல் இருக்கவே முடியாது, பிறகு எப்படித் திறக்கும்?

இரண்டாவது, நீளம். இணையம் தமிழை யுடிஎஃப்-8 முறையில் அனுப்புகிறது. கென் தாம்ப்சனும் ராப் பைக்கும் 1992-ல் உருவாக்கியது அது. அதில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு மூன்று பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் % போட்டு மூன்று எழுத்தாகும். 'பல்லடம்' நம் கண்ணுக்கு ஐந்து எழுத்து. புள்ளிகளையும் சேர்த்து கம்ப்யூட்டருக்கு ஏழு குறியீடு, 21 பைட், முகவரியில் 63 எழுத்து. 'திருப்பூர்' என்பதும் ஐந்து எழுத்துதான், ஆனால் பத்து குறியீடு, 90 எழுத்து. தமிழ்ச் செய்தி லிங்க்கை காப்பி செய்தால் அரைப்பக்கம் % குறியாக வருவது இதனால்தான். பழைய விண்டோஸ் புரோகிராம்களுக்கு முழுப் பாதையும் 260 எழுத்துக்குள், எக்செல்லுக்கு 218-க்குள் இருக்க வேண்டும். அங்கே தமிழ் எழுத்து ஒன்றுக்கு ஒன்றுதான், பயமில்லை. லினக்ஸ் சர்வரில் ஒரு பெயருக்கு 255 பைட். அதில் தமிழ் 85 குறியீடுதான் கொள்ளும். டவுன்லோடு செய்த நீளமான தமிழ்ப் பெயர் பாதியில் வெட்டுப்படுவதைப் பார்த்தவர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பம். பல்லடத்தை அடுத்த பொங்கலூரை எடுத்துக்கொள்வோம். 'பொ' என்பதை 'ப' உடன் 'ொ' என்ற ஒரே குறியீடாக எழுதலாம். அல்லது முன்னால் வரும் கொம்பு 'ெ', பின்னால் வரும் கால் 'ா' என்று இரண்டாகவும் வைக்கலாம். திரையில் துளியும் வித்தியாசம் தெரியாது. மேக்கின் பழைய எச்எஃப்எஸ்+ ஃபைல் அமைப்பு எல்லாவற்றையும் பிரித்தே எழுதி வைத்தது. அங்கிருந்து லினக்ஸ் சர்வருக்கு ஏற்றிய 'பொங்கலூர்' ஃபைலை விண்டோஸில் டைப் செய்து தேடினால் கிடைக்காது. இது தமிழின் குறை என்று நினைக்க வேண்டாம். ஜெர்மன் பையரின் பெயரில் இரட்டைப் புள்ளி வைத்த 'ü' இருந்தாலும் இதே கதைதான். யூனிகோட் இதற்கு மருந்தும் வைத்திருக்கிறது: சேமிக்கும் முன் எல்லாப் பெயரையும் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்குக் கொண்டுவருவது. பைத்தான், ஜாவா, ஜாவாஸ்கிரிப்ட் எல்லாவற்றிலும் இது ஒரு வரி வேலை.

அந்த ஒரு வரியாலும் தீராத எழுத்து ஒன்று இருக்கிறது, அது கொங்குநாட்டில் எங்கு திரும்பினாலும் போர்டில் தொங்கும் எழுத்து: 'ஸ்ரீ'. இதை 'ஸ' வைத்தும் எழுதலாம், 2005-ல் யூனிகோட் 4.1-ல் சேர்ந்த 'ஶ' வைத்தும் எழுதலாம். பெரும்பாலான ஃபான்ட்களில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும், எது வரும் என்பது கீபோர்டைப் பொறுத்தது. யூனிகோட் கணக்கில் இவை இரண்டும் வேறு வேறு. என்எஃப்சி இவற்றைச் சேர்க்காது. ஆகவே 'ஸ்ரீ' என்று தொடங்கும் ஒரே டையிங் கம்பெனியின் பெயரில் ஒரே சர்வரில் இரண்டு ஃபோல்டர் உருவாகலாம், ஒன்றில் ஏப்ரல் பில்லும் இன்னொன்றில் மே பில்லும் இருக்கும். தேடல் பட்டியலை உருவாக்கும்போது 'ஶ்ரீ' எல்லாவற்றையும் 'ஸ்ரீ' என்று மாற்றி வைத்து, தேடுகிறவர் டைப் செய்வதையும் அப்படியே மாற்றிவிட்டால் இரண்டும் சேர்ந்து கிடைக்கும். ஃபைலின் சொந்தப் பெயரில் கை வைக்க வேண்டியதில்லை.